மடித்துத் தைத்த விளிம்பு

மூத்தவன் மல்கியா நெடியவன்.
அவனுக்காக நீல அங்கியின் விளிம்பை
நாலு விரல் இறக்கினேன்.

மூன்றாம் வருஷம் இளையவன் வந்தான்.
தாய் வைத்த பேர் யெதாயா.
கல்லியாஸ் என்று கூப்பிட்டால்தான் திரும்புவான்.
முந்நூறு தாலந்து வெள்ளி
ஒட்டகங்களில் அந்தியோகியாவுக்குப் போயிற்று.
முத்திரை வைத்த ஒரு சுருள் திரும்பி வந்தது,
கை அகலம்கூட இல்லை.
அண்ணன் அன்றிரவே யோர்தானைக் கடந்தான்.

தம்பி குட்டை.
இறக்கியதை மறுபடி ஏற்றினேன்.

ஊசிக்கு அரசியல் தெரியாது என்பார்கள்.
பழைய துளை எது புதுத் துளை எது என்று
என் விரலைவிட அதற்குத்தான் நன்றாகத் தெரியும்.

நான் லேவியன்.
பலிபீடத்தை நெருங்க எனக்கு உரிமையில்லை,
பிரதான ஆசாரியரின் இடுப்பைச் சுற்றி
நூல் பிடிக்க உண்டு.
அந்த நேரத்தில் அவர்கள் எல்லோரும்
கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள்,
பிடிபட்ட திருடர்களைப் போல.

அங்கியின் கழுத்து கிழியாதபடி
கரை கட்டி நெய்யச் சொன்னார் மோசே.
அது இதுவரை கிழியவில்லை.
அதற்குள் நுழையும் கழுத்தைப் பற்றி
அவர் ஒன்றும் சொல்லவில்லை.

கல்லியாஸின் அங்கியைத் துவைக்க எடுத்தால்
சாம்பிராணி மணக்காது.
கோட்டைக்குக் கீழே புதிதாய்க் கட்டிய
மல்யுத்தக் களத்தின் எண்ணெய் மணக்கும்.
அதையும் குற்றம் என்று நான் சொல்லவில்லை.
எண்ணெய்க் கறை சாம்பல் போட்டால் போகும்.

ஓர் இரவு அவனே வந்தான்,
விளக்கில்லாமல், செருப்பைக் கையில் பிடித்தபடி.
'இந்த மணிகளை ஊமையாக்கு' என்றான்.
மேல்நகரத்துக் கூரைகளில் அண்ணனின் ஆட்கள்.
எந்தத் தூணுக்குப் பின்னால் நடக்கிறேன் என்று
என் பாதமே அவர்களுக்குச் சொல்லிவிடுகிறது.

மணி, மாதளை, மணி, மாதளை.
எழுபத்திரண்டு பொன்மணிகள்.
ஒவ்வொன்றின் நாவையும் சுற்றி
ஆட்டுக்குட்டி மயிரைத் திணித்தேன்.
விடியும்வரை என் கை நடுங்கியது.
காரணம் அவனல்ல.
பரிசுத்த ஸ்தலத்தில் நுழைகையில்
மணிச் சத்தம் கேட்க வேண்டும்,
அவன் சாகாதபடிக்கு
என்றல்லவா எழுதியிருக்கிறது?

கூடாரப் பண்டிகையின் முதல் நாள்
சத்தமே இல்லாமல் உள்ளே போனான்.
வெளியே ஜனம் மூச்சைப் பிடித்து நின்றது.
நான் மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன்:
நூறு, இருநூறு...

வெளியே வந்தான்.
கன்னத்தில் நிறம் குறையவில்லை.
பசிக்கிறது என்றுகூட யாரிடமோ சொன்னான்.

அன்று நான் கண்ட பயத்துக்கு
எங்கள் பாஷையிலும் பேரில்லை,
கிரேக்கத்திலும் கேட்டுப் பார்த்தேன், இல்லை.

வாற்கோதுமை அறுப்பில் மல்கியா திரும்பினான்,
நபத்தேயக் குதிரைகளோடு.
மூன்று நாள் தெருவில் சண்டை.
அளவுக்கல் விற்கும் அர்சாவின் கடையில்
ஒரே கூடையில் கற்களும் பற்களும் கிடந்தன.
தம்பியைப் பிடித்தவர்கள் அவனைக் கொல்லவில்லை.
ஒரு காதை மட்டும் அறுத்தார்கள்.
ஊனமுள்ளவன் பலிபீடத்தை நெருங்கலாகாது:
கத்தியால் வேதம் வாசித்தார்கள்,
ஒரே ஒரு வசனம்.

மறுபடி நாலு விரல் இறக்கினேன்.

பனிக்காலத்தில் அந்தியோகியாவின் படை வந்தது.
அண்ணனை யார் எங்கே புதைத்தார்கள் என்று
கீதரோன் ஓடைக்குத் தெரியும்.
காதில்லாதவன் என் முன்னால்
மறுபடி கையைத் தூக்கி நின்றான்.
'பாகையை இரண்டு விரல் தாழ்த்தித் தை' என்றான்.
தாழ்த்தினேன்.
யாரும் கேட்கவில்லை, அது ஏன் தாழ்ந்தது என்று.
எல்லோருக்கும் காது இருந்தது.

போகும்போது வாசலில் நின்று கேட்டான்:
'மணிகளுக்குள் அந்த மயிர் இன்னும் இருக்கிறதா?'
இருக்கிறது என்றேன்.
அண்ணனும் அதை எடுக்கச் சொல்லவில்லை.

விளிம்பின் உள்மடிப்பில்
துளைகள் இப்போது சல்லடையாகிவிட்டன.
இன்னொரு முறை பிரித்தால் துணி தாங்காது.
இவர்களுக்கு ஒரு சித்தப்பன் மகன் இருக்கிறான்,
ஆபியேசர், பருத்தவன்,
கிரேக்கம் நன்றாகப் பேசுவானாம்.
நேற்று ஆள் விட்டு என் கூலி எவ்வளவு என்று கேட்டான்.

சீதோனிலிருந்து வாங்கிய நீல நூலுக்கு
மூன்று ஆட்சியின் பாக்கி நிற்கிறது.
முதலில் அதைக் கொடுக்கச் சொன்னேன்.